செசிலி வீட்டின் கடைசிப் பக்கம்

விமானம் சென்னையில் தரையைத் தொட்டதும் எல்லாரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முண்டியடித்துக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. மடியில் இருந்த திரைக்கதையின் கடைசிப் பக்கத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். செசிலியைக் கொன்றிருந்தார்கள்.

பக்கத்து இருக்கை அம்மாள், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒரு பொம்பளைய அநியாயமா சாகடிச்சிட்டாங்கம்மா" என்றேன். அதன்பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டி வரும் இடத்தில்கூட நாலு பேர் தள்ளியே நின்றார்.

நான் மலேசியாவில் கிள்ளான்காரன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கதையும் கட்டுரையும் எழுதுகிறவன். எங்கள் ஊரில் என்னை இன்னொரு காரணத்துக்காகவும் தெரியும். நல்ல நாவல்களைப் படமாக எடுத்துப் பாழாக்கியவர்களை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரிந்துகட்டிக்கொண்டு திட்டுகிறவன். முப்பது வருஷமாகத் திட்டுகிறேன். என்னோடு தியேட்டருக்கு வர என் மனைவியே சம்மதிப்பதில்லை. "நீங்க படம் பார்க்கவா வர்றீங்க, பரீட்சைத்தாள் திருத்தவா?" என்பாள்.

இந்த முறை ஒரு படம் எடுப்பதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாவலின் பெயர் 'செசிலி வீடு'. எழுநூறு பக்கம். எழுதியவர் மயிலாப்பூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்று அழைத்தது, நானும் அப்படியே சொல்கிறேன். கத்தோலிக்கக் குடும்பத்துச் செசிலி டீச்சரைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் புருஷன் ஓடிப்போகிறான். ஒன்பது வருஷம் கழித்து ஒரு மழை நாளில் வந்து கதவைத் தட்டுகிறான். செசிலி உள்ளே நின்று யார் என்று கேட்கிறாள். அவன் பெயரைச் சொல்கிறான். அவள் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குப் பிறகு இன்னும் அறுபது பக்கம் வாழ்கிறாள். கணக்குப் பாடம் நடத்துகிறாள், கண்ணாடி போட்டுக்கொள்கிறாள், பேத்தியோடு சண்டை போடுகிறாள். இருபது வயதில் அதைப் படித்துவிட்டு, தமிழில் இப்படியும் ஒரு பெண்ணை எழுதலாமா என்று பிரமித்துப் போனவன் நான்.

மாஸ்டர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஃபிலோமினா டீச்சர் படமாக்கும் உரிமையைக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: முடிவை மாற்றக்கூடாது. மாற்றவில்லை என்று நாவலை நன்றாக அறிந்த ஒருவர் கடிதம் தரவேண்டும். அந்த ஒருவராக அவர் சொன்னது என் பெயரை. ஆகவே என் கையெழுத்து இல்லாமல் படம் இல்லை. அப்படிப்பட்ட என்னிடமே செசிலியைக் கொன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு தைரியம்!

முதல் நாள் இந்தக் கொதிப்பிலேயே கழிந்தது. மெட்ரோ ரயிலில் எனக்கு எதிரே கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு இளைஞர்கள். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு. "புத்தகத்தைவிடப் படம்தான் நன்றாக இருக்கிறது" என்றான் ஒருவன். "நீ புத்தகம் படித்தாயா?" என்றான் மற்றவன். "இல்லை. எவ்வளவு தடிமன் என்று பார்த்தேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள். எழுந்து இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றலாம் போல் கை துறுதுறுத்தது.

தியாகராய நகரில் ஆட்டோக்காரர், ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி என்னை ரங்கநாதன் தெருவின் தப்பான முனையில் இறக்கிவிட்டார். பண்டிகைக் கூட்டமா என்று கேட்டேன். "இன்னிக்குக் கூட்டமே இல்ல சார்" என்றார். அந்தக் கூட்டமே இல்லாத கூட்டத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கடை வாசலில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு பெண்மணி என் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதே கலர்ல சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்டார். கிள்ளானில் தீபாவளிக்கு முதல் நாள்கூட ஆளுக்கு ஒரு முழம் இடம் கிடைக்கும்.

சாப்பாட்டில் மட்டும் குறை சொல்ல வழியில்லை. மறுநாள் காலை பசியாறப் போன இடத்தில் பொங்கல் நெய்யில் மிதந்தது, வடை கையில் ஒட்டாமல் நொறுங்கியது. ஆனால் டீ! எங்கள் ஊரில் தே தாரிக் என்றால் ஒரு முழுக் குவளை, நாற்காலியில் சாய்ந்து அரைமணி நேரம் குடிப்போம். இங்கே மருந்து ஊற்றுகிற அளவில் ஒரு கிளாஸ். அதையும் ரோட்டோரம் நின்றபடி குடித்துவிட்டு, பின்னால் நிற்பவருக்கு இடம் விடவேண்டும். கோபமாக இருக்கிறவனுக்கு அந்த அளவு டீ பற்றவே பற்றாது.

படக் கம்பெனியின் அலுவலகம் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், குடித்தனம் இருப்பதற்காகக் கட்டிய வீடு. கதவுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு வைக்கவும் இடமில்லாமல் செருப்புகள். உள்ளே தரையில் மெத்தை போட்டு ஏழெட்டுப் பேர், நடுவில் வாழைக்காய் பஜ்ஜி. இதற்குப் பெயர் கதை விவாதம். ஒருவர் கதையை வாயால் சொல்ல, மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள் அல்லது கை தட்டுவார்கள். யாரும் எதையும் படிப்பதில்லை. தயாரிப்பாளருக்கும் வாயால்தான் சொல்கிறார்கள், நாயகனுக்கும் வாயால்தான். வாய்க்கு வாய் மாறும்போது எழுநூறு பக்கத்தில் எது மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

இயக்குநர் சரவணனுக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையான மனிதர். எழுந்து வந்து நாற்காலி போட்டார். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"செசிலி ஏன் சாகிறாள்?"

"சார், அதான் சார் கதையே."

"எந்தக் கதை? யாரைக் கேட்டு அவளைக் கொன்னீங்க? புருஷன் மடியில தலைய வச்சுச் செத்தாத்தான் உங்க ஊர்ல பொம்பளைக்கு மரியாதையா? கதவத் திறக்காத ஒருத்திய எழுதறதுக்கு ஒரு மனுஷன் எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார்! அத அழிக்க உங்களுக்கு ஒரு தட்டு பஜ்ஜி போதுமா?"

ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். சரவணனின் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எந்த புக்க சொல்றீங்க?"

உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். ஒல்லியான புத்தகம். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "நைன்த்ல எங்களுக்கு நான்-டீடெயில் சார் இது. கிளாஸ்லயே அழுதுட்டேன். பசங்க ஒரு வாரம் என்னக் கலாய்ச்சானுங்க. இந்தக் கடைசிப் பக்கத்த எடுக்கணும்னுதான் சார் நான் சினிமாவுக்கே வந்தேன்." பிறகு, பார்க்காமலேயே, பிரார்த்தனை மாதிரிச் சொன்னார்: "'விளக்க அணைச்சிடாதீங்க என்றாள் செசிலி. அவன் மடி நனைந்திருந்தது. மழையா, கண்ணீரா என்று அவனுக்கே தெரியவில்லை.'"

மடி நனைந்திருந்தது. மழையா, கண்ணீரா. திரைக்கதையில் காட்சி மட்டும்தான் இருந்தது, இந்த வாக்கியம் இல்லை. இவ்வளவு மட்டமான வாக்கியத்தை மாஸ்டர் எழுதமாட்டார். அதை எழுதியவன் நான்.

இருபத்தாறு வயதில், எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்த நாவலை நூற்றிருபது பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தேன். அது நினைவில் இருந்தது. வெட்டினேன் என்பது மட்டும் நினைவிருந்தது, ஒட்டினேன் என்பதை மறந்துவிட்டேன். பாடக்குழுவில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். "கட்டின புருஷனுக்குக் கதவைத் திறக்காத பொம்பளைய பிள்ளைங்களுக்குப் பாடமா வைக்கிறதா? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. காய்ச்சல் கீச்சல் வர வச்சு முடிச்சிடு தம்பி, அழகா இருக்கும்" என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. ஒரே மாலையில் ஏழு வரி எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்த பிறகு அந்தப் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. 'சுருக்கம்: பாடக்குழு' என்று போட்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

அந்த ஒல்லிப் புத்தகம் கப்பலேறிச் சென்னைக்கு வந்திருக்கிறது. இங்கே ஒரு பதிப்பகம் அதை எடுத்து, சுருக்கம் என்ற சொல்லையும் முன்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பள்ளிக்கூடங்களுக்கு அச்சடித்துத் தள்ளியிருக்கிறது. ஒல்லி இருக்கும்போது குண்டை யார் வாங்குவார்கள்? மாஸ்டரின் எழுநூறு பக்கம் கடைகளிலிருந்தே காணாமல் போய்விட்டது. படம் எடுக்க வந்தவர்கள் இதுதான் நாவல் என்று நம்பி எடுக்கிறார்கள்.

முப்பது வருஷம் ஊராரைத் திட்டினேன். கோபம் எங்கேயும் போகவில்லை. அப்படியே திரும்பி என்னைப் பார்த்து நின்றது. தலை சுற்றுகிறது என்று எழுந்தேன். "பஜ்ஜி சாருக்கு ஒத்துக்கல போல" என்றார் ஒருவர். பாவம், பஜ்ஜி.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஃபிலோமினா டீச்சர் மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். மயிலாப்பூருக்குப் பேருந்து பிடித்தேன். "நேரா போவுமா?" என்று நடத்துனரைக் கேட்டேன். "மெட்ரோக்குத் தோண்டி வெச்சிகிறாங்க சார். சுத்திகினு போவும். ஒக்காரு, எப்புடியும் போவும்" என்றார். சுற்றியது. பார்த்த கடையையே இரண்டு தடவை பார்த்தேன். லஸ்ஸில் சாலைக்கு நடுவே ஆள் உயரத் தகர வேலி. அதன் இந்தப் பக்கம் இறங்கியவன் அந்தப் பக்கம் போக, உச்சி வெயிலில் வேலியின் முனையைத் தேடிக்கொண்டு கால்மணி நேரம் நடந்தேன். எங்கள் ஊரிலும் ரயில் பாதை கட்டினார்கள். ஆனால் அங்கே நடக்கிறவர்கள் கிடையாது, அதனால் திட்டுகிறவர்களும் கிடையாது. இங்கே ஒரு பூக்காரம்மா வேலியிலேயே ஆணி அடித்துக் கதம்பம் தொங்கவிட்டு வியாபாரம் பார்த்தார்.

சாந்தோம் பக்கம் சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. டீச்சருக்கு எழுபத்துநாலு வயது. கதவைத் திறந்ததும், "பாதி நனைஞ்சிட்டீங்களே, வெயில்ல இவ்வளவா வேர்க்கும்? உள்ள வாங்க சார்" என்றார். வெள்ளிக்கிழமை ஆகையால் கறி இல்லை, வஞ்சிர மீன் குழம்பு. ஜெபம் சொல்லிவிட்டுப் பரிமாறினார்.

"உங்க கட்டுரைய இன்னும் வெச்சிருக்கேன் சார். அந்தக் கதவைத் திறக்காததைப் பத்தி மட்டும் எட்டுப் பக்கம் எழுதியிருந்தீங்க. அப்பவே நெனச்சேன், இவர் நம்ம ஆளுன்னு."

மீன் முள்ளை எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாவல்ல வர்ற சின்னப் பொண்ணு நீங்களா டீச்சர்?" என்று பேச்சை மாற்றினேன்.

"பின்ன? எனக்கு அப்ப பத்து வயசு. அம்மாவுக்குப் பின்னால நானும் நின்னேன். வெளிய நின்னது யாருன்னு நெனைக்கிறீங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்பாதான் சார். மாஸ்டர். வேற யாரு?" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். "அம்மா தொறக்கல. அடையாறுல ஒரு ரூம் எடுத்துத் தங்கினாரு. சாகிற வரைக்கும் அங்கதான். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவாரு. அம்மா மூணாவது வரிசை, அவரு கடைசி பெஞ்சு. பேச்சு வார்த்தை கிடையாது. அந்த அறுபது பக்கமும் கடைசி பெஞ்சுல இருந்து அவரு பாத்தது. அம்மாவுக்குக் கண்ணாடி வந்தது, பேத்தி கையப் பிடிச்சிக்கிட்டு நடந்தது, எல்லாம்."

"அம்மா நாவலைப் படிச்சாங்களா?"

"படிச்சாங்களாவா! ஓரத்துல பென்சிலால தப்புத் திருத்தி வெச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. 'உங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு யோக்கியமான காரியம் பண்ணியிருக்காரு. தன்ன வெளியவே நிறுத்தி எழுதியிருக்காரு'ன்னாங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். டீச்சரின் குரல் மாறியது.

"இதெல்லாம் பண்ணி என்ன சார்? எவனோ ஒருத்தன் ஸ்கூல் புக்குல அவர உள்ள கூட்டிட்டு வந்து, அம்மாவ அவரு மடியிலயே போட்டு சாகடிச்சிட்டான். நான் டீச்சரா இருந்தப்போ பிள்ளைங்க என்கிட்டயே வந்து, 'பாவம் மிஸ், உங்கம்மா சின்ன வயசுலயே செத்துட்டாங்களே'ன்னு சொல்லும். அம்மா அப்ப வீட்ல உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருப்பாங்க. பதிப்பகத்துக்கு எத்தன லெட்டர் போட்டேன் தெரியுமா? மாத்த எங்களுக்கு உரிமை இல்ல, சுருக்கினவரு எழுதிக் குடுத்தா எடுத்துடுறோம்னு ஒரே பதில். சுருக்கினவன் யாருன்னு கேட்டா தெரியாதுங்கிறாங்க. அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

அவன் அவர் கையால் சமைத்த மீனைத் தின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். "குழம்பு ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அடித்துக்கொள்ளவில்லை, மோரும் வாங்கிக் குடித்தேன்.

விலாசம் கேட்டுக்கொண்டு அடையாறு போனேன். மாஸ்டரின் அறை இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடிவெட்டும் கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை நாய் ஈரத்தோடு உட்கார்ந்து என்னையே பார்த்தது. இந்த இடத்தில் ஒரு மனிதன் தான் செய்த தப்பை எழுநூறு பக்கம் எழுதினான் என்று உள்ளே போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். எனக்கு அந்த யோக்கியதை உண்டா என்றும் நினைத்தேன். ஆட்டோ பிடித்தேன்.

பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே வந்தார். "இன்னா சார், மொகம் ஒரு மாரி கீது? ஆஸ்பத்திரிக்கு யாரையாச்சும் பாக்க வந்தியா?"

இல்லை என்று சொல்லி, எரிச்சலில் செசிலியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வண்டிகள் நகராததால் முழுவதும் சொல்ல முடிந்தது. கதவு வரைக்கும் வந்தபோது அவர் திரும்பியே உட்கார்ந்துவிட்டார்.

"தொறக்கலியா? கரெக்டா செஞ்சிகீது சார் அந்தம்மா. எங்க அக்கா தொறந்துச்சு. ரெண்டே மாசம். வளையல்லாம் எட்துகினு பூட்டான்."

"ஆனா படத்துல அவ தொறந்துட்டு, செத்துப்போற மாதிரி வைக்கிறாங்க."

"அது இன்னா சார் நாயம்? வுட்டுட்டு ஓடுனது அவன். சாவுறது அந்தம்மாவா?"

பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். மக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அந்தத் தலைமையாசிரியர் சொன்னதை முப்பத்திரண்டு வருஷம் நம்பியிருக்கிறேன். எந்த மக்களைக் கேட்டார் என்று நான் கேட்டதே இல்லை.

நாலாம் நாள் காலை, பசியாறாமலே சந்து வீட்டின் மாடி ஏறினேன். செருப்புகள் அப்படியே கிடந்தன. சரவணனைப் பார்த்து, "கடிதம் தரமாட்டேன். அந்தக் கடைசிப் பக்கம் மாஸ்டர் எழுதினதில்ல. நான் எழுதினது" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் கண் கலங்கிக் குனிந்து என் காலைத் தொட்டார். "சார்! அந்த லைன் நீங்க எழுதுனதா? 'மழையா, கண்ணீரா'? சார், என் வாழ்க்கையே சார் அது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசகன் என் எழுத்துக்காக என் காலில் விழுந்தான். எந்த எழுத்துக்கு என்று பாருங்கள்! அவரைத் தூக்கி நிறுத்தி, உட்காரச் சொல்லி, அவர்கள் வழக்கப்படியே மெத்தையில் நானும் உட்கார்ந்து, மாஸ்டரின் உண்மையான முடிவை வாயால் சொன்னேன். கதவு, அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் தாயும் மகளும். மறுநாள் பள்ளிக்கூடம். கடைசி பெஞ்சு. ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை. முடித்தபோது மூலையில் இருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"பெரிய விஷயம் சார்" என்றார் சரவணன். நிஜமாகவே சொன்னார். பிறகு கையைப் பிசைந்தார். "ஆனா ஹீரோ ஒத்துக்க மாட்டாரு சார். கடைசி அரைமணி நேரம் அவரு மூடுன கதவுக்கு வெளிய நிக்கணும். எந்த ஹீரோ நிப்பாரு?"

"மாஸ்டர் நின்றார்" என்றேன்.

அவர்கள் உள்ளே போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்த சரவணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாவல் பேரு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் சார். டீச்சர் கண்டிஷனும் வராது. பேரெல்லாம் மாத்திட்டு, கதை எங்களுதுன்னே போட்டுக்கறோம்."

"நான் எழுதின முடிவையும் எடுத்துக்கக்கூடாது. அது என்னுடையது."

"சார், அந்த டயலாக் வேணா விட்டுடறோம். ஒரு பொம்பள காய்ச்சல்ல சாவுறதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா சார்?"

ஆக, மாஸ்டரின் எழுநூறு பக்கத்தையும் வெளியே தள்ளிவிட்டு, நான் பயந்துபோய் எழுதிய அந்தச் சாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். படியிறங்கும்போது சத்தம் போட்டே திட்டினேன். எதிரே காய்கறிப் பையோடு ஏறி வந்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவரைத் திட்டவில்லை என்று நின்று சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

மதியம் பெட்டியோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படம் கைவிட்டுப் போனதை முதலில், மற்றதைக் கடைசியில். சொல்லி முடித்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. போங்கள் என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"நேத்து என் வீட்ல சாப்பிட்டப்போ தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எட்டுப் பக்கம் கட்டுரை எழுதினப்போ?"

"மறந்திருந்தேன் டீச்சர். சத்தியமா மறந்திருந்தேன்."

"எங்கம்மாவ கொன்னுட்டு மறந்துட்டீங்களா!" என்றார். கத்தவில்லை. எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். "சினிமாக்காரன விடுங்க, அவன் எதையோ எடுத்துட்டுப் போறான். அந்த புக்கு இந்த வருஷமும் பிள்ளைங்க கையில இருக்கு. சுருக்கினவரு எழுதிக் குடுத்தா எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க இல்ல? எழுதுங்க. எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"அஞ்சு மணிக்கு."

"நேரம் இருக்கு."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அப்போது என் வயது, நிரந்தரமாகாத வேலை, பாடக்குழு, தலைமையாசிரியர் சொன்னது, பக்க அளவு, காலத்தின் கட்டாயம் என்று எல்லாம். மோசமாக வரவில்லை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இந்தத் தலைமையாசிரியர் உயிரோட இருக்காரா?"

"இல்ல."

"அப்ப அவரு எதுக்கு இதுல?" ஒரு கோடு. "இருபத்தாறு வயசுன்னு போட்டிருக்கீங்க. கதவத் தொறக்காதப்போ எங்கம்மாவுக்கு இருபத்தொம்பது. அவங்களுக்கும் வேலை நிரந்தரம் இல்ல." இன்னொரு கோடு. பக்கத்தைத் திருப்பினார், இன்னும் இரண்டு கோடு போட்டார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "எழுநூறு பக்கத்த நூத்திருபதா சுருக்கினவர்தானே சார் நீங்க. இதையும் சுருக்குங்க."

புதுத் தாளில் எழுதினேன்:

'செசிலி வீடு' சுருக்கப் பதிப்பின் கடைசி ஏழு வரிகளை எழுதியவன் நான். அவை பொய். எடுத்துவிடுங்கள். செசிலி கதவைத் திறக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். ஒரு கோடும் போடவில்லை. போகிற வழியில் பதிப்பகத்தில் நானே கொடுத்துவிடுகிறேன், விமான நிலையத்துக்கு அந்தப் பக்கமாகத்தான் போகவேண்டும் என்றேன். டீச்சர் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வேணாம் சார். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். நீங்க மறந்துடுவீங்க."